குடல் நோயும் கோடு போட்ட நோட்டும்

"நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம்" என்பது நம் முன்னோர் வாக்கு. ஆனால் எல்லா நோய்களையும் நாம் ஒரே மாதிரி வெளியே சொல்வதில்லை. தலைவலி என்றால் வகுப்பிலேயே எழுந்து சொல்லிவிடுகிறோம். காய்ச்சல் என்றால் விடுப்பு விண்ணப்பத்தில் எழுதுகிறோம். குடலில் நோய், ஒரு நாளைக்குப் பத்துத் தடவை கழிவறைக்கு ஓட வேண்டியிருக்கிறது என்றால் மட்டும் பெற்ற தாயிடம் சொல்லக்கூட நா எழுவதில்லை. இந்தத் தயக்கத்தினால் எங்கள் அத்தை இரண்டு ஆண்டுகளை இழந்தார். அவருடைய சம்மதம் பெற்றே இதை எழுதுகிறோம். "எழுது கண்ணு, நாலு பேருக்கு உபயோகமா இருக்கட்டும். எம் பேரை மட்டும் போட்டுராத" என்றார். ஆகவே இக்கட்டுரையில் அவர் பெயர் இல்லை.

எங்கள் ஊர் பேளுக்குறிச்சி. கொல்லிமலை அடிவாரத்தில் உள்ளது. இங்கே சனிக்கிழமை தோறும் கூடும் மளிகைச் சந்தையைப் பற்றித் தோழியர் பலரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். மிளகு, சீரகம், கடுகு, வெந்தயம், மல்லி என்று வருஷத்துச் சாமானை வாங்க வெளியூர்களிலிருந்தும் மக்கள் வருவார்கள். அந்தச் சந்தையில் எங்கள் அத்தைக்கு மிளகுக் கடை. மாசி, பங்குனி மாதங்களில் கடையில் உட்காரக்கூட நேரமிருக்காது. அப்படிப்பட்ட இடத்தில் அடிக்கடி எழுந்து ஓட வேண்டிய ஒருவர் படும் பாட்டை எண்ணிப் பாருங்கள்! சந்தை நாளன்று காலையில் சாப்பிடாமல், தண்ணீர்கூடக் குடிக்காமல் போவதை அத்தை வழக்கமாக்கிக்கொண்டார். கேட்டால் "விரதம்" என்பார். மூலம் என்று தாமே முடிவு கட்டி, மருந்துக் கடையில் மாத்திரை வாங்கி விழுங்கினார். உடல் மெலிந்து, முகம் வெளுத்து, ஒரு நாள் படியில் மயங்கி விழுந்த பிறகுதான் வீட்டாருக்கு விஷயம் தெரிந்தது.

சேலத்தில் குடல் நோய் மருத்துவர் ஒருவர், குழாயில் பொருத்திய கேமராவை உள்ளே செலுத்திப் பார்க்கும் கொலோனாஸ்கோப்பி என்னும் சோதனையைச் செய்து, "பெருங்குடல் புண் அழற்சி" என்று கண்டுபிடித்தார். ஆங்கில மருத்துவத்தில் இதற்கு அல்சரேட்டிவ் கோலைடிஸ் என்று பெயர்.

இது என்ன நோய்?

நம் உடலில் கிருமிகளை எதிர்த்து நிற்கும் காவல் படை ஒன்று உண்டு. அந்தப் படை, பகைவன் யார், சொந்தக்காரன் யார் என்ற அடையாளம் தவறி, குடலின் உட்சுவரையே தாக்கத் தொடங்கினால் அங்கே அழற்சி உண்டாகிறது. ஏன் இவ்வாறு தவறுகிறது என்பதற்கு முழுமையான விடை இன்னும் கிடைக்கவில்லை. பரம்பரைக் கூறு, குடலில் வாழும் நுண்ணுயிர்கள், சுற்றுப்புறம் ஆகியவை சேர்ந்தே காரணமாகின்றன என்பது மருத்துவர்கள் கருத்து. இது ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுவதில்லை. ஒரே தட்டில் உண்பதாலும் ஒரே கழிவறையைப் பயன்படுத்துவதாலும் வராது.

இக்குடும்பத்தில் இரண்டு நோய்கள் முக்கியமானவை. ஒன்று, மேலே சொன்ன பெருங்குடல் புண் அழற்சி. இது பெருங்குடலின் உட்பரப்பை மட்டும் பிடிக்கும். லண்டன் மருத்துவர் சாமுவேல் வில்க்ஸ் 1859ஆம் ஆண்டில் இதைப் பற்றி எழுதினார். மற்றொன்று க்ரோன் நோய். இது வாய் முதல் மலவாய் வரை எங்கும் வரலாம். குடற்சுவரின் ஆழம் வரை செல்லும். நியூயார்க் நகரில் பர்ரில் க்ரோன், லியோன் கின்ஸ்பர்க், கார்டன் ஓப்பன்ஹைமர் ஆகிய மூவர் 1932இல் இதை விவரித்தனர். நம் நாட்டில் குடலில் வரும் காசநோயும் பார்வைக்கு க்ரோன் நோயைப் போலவே இருப்பதால், மருத்துவர்கள் மிகக் கவனமாகச் சோதித்தே முடிவு சொல்கிறார்கள். சாதாரணச் சீதபேதி சில நாட்களில் அடங்கிவிடும். வயிற்றுப்போக்கு வாரக்கணக்கில் நீடித்தாலும், மலத்தில் ரத்தம் கண்டாலும், காரணமின்றி எடை குறைந்தாலும் மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும்.

இதற்கு முதன்முதலில் நல்ல பலன் தந்த மருந்துகளுள் ஒன்று சல்ஃபசலசின். அதை உருவாக்கியதில் முன்னின்றவர் ஒரு பெண்மணி என்பது நமக்கெல்லாம் பெருமை தரும் செய்தி. ஸ்வீடன் நாட்டு மருத்துவர் நன்னா ஸ்வார்ட்ஸ் மூட்டு வாதத்துக்காக அம்மருந்தை ஆராய்ந்தபோது, அது குடல் புண்ணுக்கும் உதவுவதைக் கண்டார். 1937இல் அந்நாட்டின் அரசுப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரான முதல் பெண்ணும் அவரே. இன்று அத்தை உண்ணும் மெசலமின் மாத்திரை, அந்த மருந்தின் வழிவந்ததுதான்.

மேல்நாட்டார் நோய் என்று இதை ஒதுக்கிவிடவும் முடியாது. பஞ்சாபில் வீடு வீடாகச் சென்று ஆராய்ந்த லூதியானா மருத்துவர்கள், ஒரு லட்சம் பேரில் ஏறக்குறைய 44 பேருக்குப் பெருங்குடல் புண் அழற்சி இருப்பதாக 2003இல் எழுதினர்.

இடைப்பட்ட நாட்கள் யாருடையவை?

இந்நோயை அடக்கி வைக்கலாம். மருந்தினால் அடியோடு நீக்க இன்றுவரை வழியில்லை. சில மாதங்கள் அடங்கியிருக்கும். அதை அமைதிக் காலம் என்போம். திடீரென்று மீண்டும் தலையெடுக்கும். அதைக் கிளர்ச்சிக் காலம் என்போம். மருத்துவரை நாம் பார்ப்பதோ மூன்று மாதத்துக்கு ஒரு முறை அல்லது ஆறு மாதத்துக்கு ஒரு முறை. அந்த நாளில் நோய் அமைதியாக இருந்தால் மருத்துவர் எதைக் காண்பார்? "போன மாசம் எத்தனை தடவை போச்சு? ரத்தம் வந்துச்சா?" என்று அவர் கேட்டபோது, அத்தை சொன்ன பதில், "சுமாராத்தானுங்க இருந்துச்சு." அந்தச் "சுமார்" என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு எந்த மருத்துவரால் மருந்தின் அளவைத் தீர்மானிக்க முடியும்?

இந்த இடைப்பட்ட நாட்களை நோயாளியின் கையிலேயே ஒப்படைத்தால் என்ன என்று டென்மார்க் நாட்டு மருத்துவர்கள் யோசித்தனர். இணையத்தின் வழியே நோயாளி தம் நிலையைத் தாமே குறித்து, தாமே கவனித்துக்கொள்ளும் ஒரு முறையை அமைத்தனர். டென்மார்க்கில் 233 பேர், அயர்லாந்தில் 100 பேர் என 333 நோயாளிகளைச் சேர்த்து, ஒரு பாதியினர் புதிய முறையையும் மறு பாதியினர் வழக்கமான சிகிச்சையையும் ஓராண்டு பின்பற்றுமாறு செய்தனர். முடிவு 2010இல் வெளியாயிற்று. டென்மார்க்கில் வழக்கமான சிகிச்சை பெற்றவர்களுக்கு ஒரு கிளர்ச்சி அடங்க நடுத்தரமாக 77 நாட்கள் ஆயின. இணைய முறையைக் கையாண்டவர்களுக்கோ 18 நாட்களே ஆயின! நோய் தலைகாட்டும் தடவைகள் குறைந்துவிடவில்லை. ஆனால் தலைகாட்டிய உடனே கண்டுகொண்டு மருந்தைக் கூட்டியதால் விரைவில் அடங்கியது.

பச்சை, மஞ்சள், சிவப்பு

இம்முறை எப்படி வேலை செய்கிறது? முதலில் நோயாளிக்கும் அவர் வீட்டாருக்கும் நோயைப் பற்றிப் பாடம் நடத்துகிறார்கள். பிறகு நோயாளி கணினியிலோ கைப்பேசியிலோ சில கேள்விகளுக்கு விடை குறிக்க வேண்டும். 1998இல் வெளியான எளிய மதிப்பெண் பட்டியல் ஒன்றில் ஆறே கேள்விகள்தாம் உள்ளன. பகலில் எத்தனை தடவை? இரவில் எத்தனை தடவை? அடக்க முடியாத அவசரம் உண்டா? ரத்தம் உண்டா? உடம்பு பொதுவாக எப்படியிருக்கிறது? மூட்டு, கண், தோல் முதலிய வேறு இடங்களில் தொந்தரவு உண்டா? ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் உண்டு. நம் தேர்வுக்கு நேர்மாறாக, இங்கே மதிப்பெண் குறையக் குறைய நல்லது. மொத்தம் 2 அல்லது அதற்குக் கீழே என்றால் பொதுவாக அமைதிக் காலம். 5 அல்லது அதற்கு மேல் என்றால் கிளர்ச்சி.

இதனுடன் மலச் சோதனை ஒன்றும் உண்டு. குடலில் அழற்சி ஏற்பட்டால், வெள்ளை அணுக்களிலிருந்து கால்ப்ரோடெக்டின் என்ற புரதம் வெளிப்பட்டு மலத்தில் கலக்கும். அதன் அளவு கூடினால், வெளியே தொந்தரவு தெரிவதற்கு முன்பே உள்ளே புகைச்சல் தொடங்கிவிட்டது என்று அறியலாம். இதை வீட்டிலேயே செய்து கைப்பேசியின் கேமராவால் படித்தறியும் வசதியும் சில நாடுகளில் வந்துவிட்டது.

விடைகளைக் கூட்டிப் பார்த்துச் சாலை விளக்கைப் போல மூன்று நிறங்களில் ஒன்று காட்டப்படும். பச்சை என்றால் உண்ணும் மருந்தையே தொடர வேண்டும். மஞ்சள் என்றால் மருத்துவர் முன்கூட்டியே எழுதித் தந்தபடி அளவைக் கூட்ட வேண்டும். சிவப்பு என்றால் உடனே மருத்துவமனையை நாட வேண்டும். நிறம் மாறும்வரை தினமும், பச்சையான பின் வாரம் ஒரு முறையும் குறித்தால் போதும்.

நெதர்லாந்தில் நான்கு மருத்துவமனைகளைச் சேர்ந்த 909 நோயாளிகளிடம் இத்தகைய முறையைச் சோதித்து 2017இல் முடிவை வெளியிட்டனர். வழக்கமான சிகிச்சையில் 100 பேர் ஓராண்டில் 234 தடவை மருத்துவமனைக்கு வந்து போனார்கள் என்றால், புதிய முறையில் 155 தடவையே வந்தார்கள். படுக்கையில் சேர்க்கப்பட்டதும் 100க்கு 10 என்பதிலிருந்து 5 ஆகக் குறைந்தது. ஒரு முறை சேலம் போய்வர ஒரு நாள் வியாபாரத்தை இழக்கும் எங்கள் அத்தை போன்றவர்களுக்கு இந்தக் கணக்கின் அருமை விளங்கும்.

ஆனால் எல்லா இடத்திலும் வெற்றி என்று சொல்லிவிடக் கூடாது. அமெரிக்காவில் 348 பேரிடம் கைப்பேசிக் குறுஞ்செய்தி மூலம் கேள்வி கேட்டுப் பார்த்த ஆய்வு 2019இல் வெளியாயிற்று. அதில் நோயின் கடுமை, சாதாரண சிகிச்சை பெற்றவர்களைவிடக் குறைந்ததாகத் தெரியவில்லை. ஆகவே கைப்பேசிக்கென்று தனி மந்திர சக்தி ஏதுமில்லை என்று அறிகிறோம்.

நம் நாட்டிலும் புது டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள், இந்நோயாளிகள் தம் உணவையும் உடல்நிலையையும் குறித்து வைக்க ஐ.பி.டி. நியூட்ரிகேர் என்ற செயலியை உருவாக்கியுள்ளனர். மருத்துவர் தொலைபேசியிலும் காணொளியிலும் ஆலோசனை கூறுவதற்கான விதிமுறைகளை இந்திய அரசு 2020 மார்ச் 25இல் வெளியிட்டது. அடுத்த மாதமே இ-சஞ்சீவனி என்ற இலவச சேவையில், வீட்டிலிருந்தபடியே மருத்துவரைக் கலந்து பேசும் வசதியும் வந்தது.

எங்கள் வீட்டு நோட்டு

அத்தையின் கதைக்கு வருவோம். மருந்து தொடங்கிய நான்காம் மாதத்தில் ரத்தம் நின்றது. "நல்லாயிருச்சே, இன்னும் எதுக்கு மாத்திரை?" என்று நிறுத்திவிட்டார். யாரோ ஒருவர் மலை மூலிகைச் சூரணம் என்று சொல்லிக் கொடுத்த பொடியை உண்டார். கொல்லிமலை மூலிகைக்குப் பேர்போனதுதான். அதற்காக மலையின் பெயரைச் சொல்லி விற்பதெல்லாம் மருந்தாகிவிடுமா? இரண்டு மாதத்தில் நோய் பழையபடி மூண்டது. மருத்துவமனையில் சேர்த்து ரத்தம் ஏற்ற வேண்டியதாயிற்று.

திரும்பி வரும்போது அங்குள்ள செவிலியர், தினமும் குறிக்க வேண்டிய கேள்விகளை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். எங்கள் கைப்பேசியில் ஒரு செயலியைப் பதிவிறக்கினோம். அது முழுவதும் ஆங்கிலம். அத்தையோ ஐந்தாம் வகுப்புவரை தமிழில் படித்தவர். மிளகு வாங்க அவர் மலைக்குச் செல்லும் நாட்களில் சில இடங்களில் சிக்னலும் கிடைக்காது. ஒரே வாரத்தில் அது கைவிடப்பட்டது.

பிறகு நாங்கள் ஒரு கோடு போட்ட நோட்டை எடுத்தோம். பக்கத்துக்கு ஏழு நாள். பகல், இரவு, அவசரம், ரத்தம், வலி, மாத்திரை என்று ஆறு கட்டங்கள். கடைசியில் நிறத்துக்கு ஒரு கட்டம். எத்தனை தடவை போனால் எந்த நிறம் என்பதை அத்தைக்கென்றே மருத்துவர் எழுதித் தந்திருந்தார். அந்தச் சீட்டை முதல் பக்கத்தில் ஒட்டினோம். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அத்தை சொல்லச் சொல்ல நாங்கள் வண்ணப் பென்சிலால் நிறம் தீட்டுவோம். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கத்தைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் செவிலியருக்கு அனுப்புவோம். அப்பாவுக்குக்கூட இதைக் காட்டாமல் வைத்திருந்தோம்.

மாசி மாதம் வந்தது. தினமும் பச்சை, பச்சை, பச்சை. எங்களுக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் சனிக்கிழமை காலையில் அத்தை மீண்டும் "விரதம்" என்றார். எங்களுக்குச் சந்தேகம் வந்தது. அன்று இரவு நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு கேட்டோம்:

"அத்தை, நோட்டுக்குப் பொய் சொன்னா நோட்டுக்கா வலிக்கும்?"

அத்தை வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "அஞ்சு நாளா ரத்தம் தெரியுது கண்ணு. சொன்னா உங்கப்பன் சந்தைக்குப் போக வேண்டாம்பான். மாசியில கடையை விட்டா வருஷம் பூராச் சோத்துக்கு என்ன பண்றது?" என்றார்.

எங்களுக்கு அப்போதுதான் ஒன்று புரிந்தது. உண்மையைச் சொன்னால் தண்டனை கிடைக்கும் என்று அஞ்சுபவர் எந்தக் கருவியிலும் உண்மையைக் குறிக்க மாட்டார். மதிப்பெண் பட்டியலை வீட்டில் காட்டப் பயந்து ஒளித்து வைக்கும் மாணவிக்கும் அத்தைக்கும் என்ன வேறுபாடு? அன்றிரவே அத்தையின் சம்மதத்துடன் அப்பாவிடம் பேசினோம். அப்பா அதட்டவில்லை. "மஞ்சள்னா சொல்லு, நான் வந்து கடையில உக்காந்துக்கிறேன். நீ அடிக்கடி போய்ட்டு வா" என்று தம் தங்கையிடம் சொன்னார். அந்த ஐந்து பச்சைக் கட்டங்களின் மீது மஞ்சள் பென்சிலைத் தேய்த்தோம். பச்சை முழுவதும் மறையவில்லை. அந்தப் பக்கம் இன்றும் இளம் பச்சையாகவே இருக்கிறது.

மறுநாள் காலையில் செவிலியரிடம் கேட்டுக்கொண்டு, சீட்டில் இருந்தபடி மாத்திரையின் அளவைக் கூட்டினோம். ஒன்பதாம் நாள் பச்சை திரும்பியது. இடையில் வந்த சனிக்கிழமையன்று அப்பா கடையில் உட்கார, அத்தை காலையில் இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டுச் சந்தைக்கு வந்தார். இரண்டு ஆண்டுகளில் அது முதல் முறை.

மறக்கக் கூடாதவை

சுயமாகக் கவனித்துக்கொள்வது வேறு. சுயமாக வைத்தியம் செய்துகொள்வது வேறு. மஞ்சளில் என்ன செய்ய வேண்டும் என்பதை முன்கூட்டியே எழுதித் தர வேண்டியவர் மருத்துவர்தாம். உடம்பு நன்றாக இருக்கிறது என்று மருந்தை நிறுத்தக் கூடாது. ஸ்டீராய்டு மாத்திரை உண்பவர்கள் அதைத் திடீரென்று நிறுத்துவது ஆபத்து. உடல் வலிக்கு இபுபுரோஃபென், டைக்ளோஃபினாக் போன்ற மாத்திரைகளைத் தாமே வாங்கி உண்பதும் குடல் நோயைக் கிளறிவிடக்கூடும்.

ஒரு நாளில் ஆறு அல்லது அதற்கு மேற்பட்ட தடவை ரத்தத்துடன் போனால், கூடவே காய்ச்சலோ படபடவென்ற நாடித் துடிப்போ இருந்தால், அது கடுமையான நிலை என்று ஆக்ஸ்போர்டு மருத்துவர்கள் ட்ரூலவ், விட்ஸ் இருவரும் 1955இலேயே வரையறுத்தனர். அப்போது நோட்டையும் கைப்பேசியையும் பார்த்துக்கொண்டிராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். "பத்தே நாளில் பூரண குணம்" என்று கைப்பேசியில் வரும் விளம்பரங்களை நம்பக் கூடாது. நம் நோய் விவரம் நம் சொத்து. அதைக் கண்ட இடத்தில் பதியவும் கூடாது.

அன்புத் தோழியரே! திருவள்ளுவர் மருந்தைப் பற்றிக் கூறுமிடத்தில் நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து உதவுபவர் என நான்கு பகுதிகளைச் சொல்கிறார். அவற்றுள் முதலிடம் நோயாளிக்கே. டென்மார்க்கில் கணினியைக் கொண்டு கண்டதையும் எங்கள் வீட்டில் வண்ணப் பென்சிலைக் கொண்டு கண்டதையும் சேர்த்துப் பார்த்தால், தினமும் கேட்கும் நல்ல கேள்வியும், பயமின்றிச் சொல்லும் உண்மையான விடையும், விடையறிந்து வழிகாட்டும் மருத்துவரும்தாம் கருவி என்பது தெளிவாகும். நான்காம் பகுதியான அருகிருந்து உதவுபவர் யார்? அது நம்மால் முடிந்த வேலை அல்லவா?

உங்கள் வகுப்பில் ஒரு தோழி அடிக்கடி வெளியே போக அனுமதி கேட்டால் சிரிக்காதீர்கள். உங்கள் வீட்டில் ஒருவர் அடிக்கடி "விரதம்" என்று சொன்னால், ஒரு முறை தனியாக அழைத்து அன்போடு கேட்டுப் பாருங்கள். எங்கள் அத்தையின் நோய் இன்னும் தீரவில்லை. நோட்டு இப்போது மூன்றாவது நடக்கிறது. நேற்றைய கட்டம் பச்சை, உண்மையான பச்சை.

(பத்தாம் வகுப்பு மாணவி)